காணாமற்போன கறுப்புக் கார்

ஒரு பொருளைக் காப்பது என்றால் என்ன? செய்தவர் கைவிட்டு இறங்கிய நிலையிலேயே பூட்டி வைப்பதா, உடையவர் தம் விருப்பப்படி திருத்திப் பயன்படுத்துவதா, அல்லது அதன் தோற்றத்தைப் படமாகப் பதிந்து வைப்பதா? ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவரும் இக்கேள்வியை ஒரு மோட்டார் வாகனத்தை முன்வைத்தும் கேட்க முடியும். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் மோல்சைம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1936க்கும் 1938க்கும் இடையில் நான்கே நான்கு 'புகாட்டி அட்லாண்டிக்' கார்கள் செய்யப்பட்டன. அவற்றுள் மூன்று இன்றும் இருக்கின்றன. நான்காவது எங்கே போயிற்று என்பதை அறிந்தவர் எவருமில்லை. அந்த நான்கின் கதையையும் ஒருசேரப் படித்துப் பார்ப்போம்.

புகாட்டி நிறுவனத்தை 1909இல் தொடங்கிய எத்தோரே புகாட்டி, மிலான் நகரத்தில் பிறந்த இத்தாலியர். தந்தை கார்லோ அறைக்கலன் வடிவமைப்பாளர். தம்பி ரெம்பிராண்ட் விலங்குகளைச் செதுக்கிய சிற்பி. மரமும் வெண்கலமும் புழங்கிய குடும்பத்தில் ஒருவர் எந்திரத்தின் பக்கம் வந்தார். அவர் மகன் ழான் புகாட்டி பிறந்ததும் அதே 1909இல்தான். தந்தையின் நாட்டம் எந்திரத்தில் என்றால் மகனின் நாட்டம் உருவத்தில் எனலாம். அக்காலத்தில் விலையுயர்ந்த கார் வாங்குவோர் சட்டகத்தையும் எந்திரத்தையும் தொழிற்சாலையில் வாங்கி, மேற்கூட்டைத் தனியே கூடு கட்டும் கலைஞர்களிடம் தம் விருப்பப்படி செய்துகொள்வது வழக்கம். புகாட்டி 57 என்ற வகைக்குத் தொழிற்சாலையிலேயே கூடுகளை வரைந்தளித்தவர் ழான். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டியிருக்கும்.

1935இல் பாரிஸ் கண்காட்சியில் 'ஏரோலித்' என்ற முன்மாதிரி வைக்கப்பட்டது. அதன் கூடு எலெக்ட்ரான் எனப்படும் மக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆனது. எடை குறைவு, ஆனால் பற்றவைக்கும் சூட்டில் தீப்பிடிக்கக்கூடியது. ஆகவே தகடுகளின் ஓரங்களை மடித்து நிமிர்த்தி, வெளியிலிருந்து தறையாணி அடித்து இணைத்தார்கள். காரின் நெற்றியிலிருந்து வால்வரை முதுகெலும்பு போல ஓடும் அந்தத் தையல் இப்படித் தோன்றியதே. அடுத்து வந்த அட்லாண்டிக் கார்களின் கூடு அலுமினியம்; அதைப் பற்றவைக்கத் தடையில்லை. இருப்பினும் ழான் தையலை விடவில்லை. தேவையாகப் பிறந்தது அழகாக நிலைத்துவிட்டது. 1936 டிசம்பரில் தென் அட்லாண்டிக் கடலின்மேல் விமானத்தோடு மறைந்த ழான் மெர்மோஸின் நினைவாக இந்தப் பெயர் வந்தது என்பர். காணாமற்போனவரின் பெயரைத் தாங்கிய கார்களில் ஒன்று காணாமற்போகவிருந்தது.

முதலில் திருத்தங்களைப் பார்ப்போம். 57374 என்ற சட்டக எண் கொண்ட முதல் கார் 1936இல் இங்கிலாந்தின் விக்டர் ராத்ஸ்சைல்டிடம் சென்றது. 57591 என்ற கடைசிக் கார் 1938இல் மற்றோர் ஆங்கிலேயருக்கு நீல நிறத்தில் தரப்பட்டது. மறு ஆண்டே அது தொழிற்சாலைக்குத் திரும்பி, எந்திரத்துக்குக் கூடுதல் விசை தரும் சூப்பர்சார்ஜரைப் பொருத்திக்கொண்டு மீண்டது. 1988இல் அதை வாங்கிய ஆடை வடிவமைப்பாளர் ரால்ஃப் லாரன், பழுது நீக்கிப் புதுக்கியபோது கறுப்பு வண்ணம் பூசச் செய்தார். 1990இல் பெபிள் பீச் போட்டியிலும் 2012இல் வில்லா தெஸ்தே போட்டியிலும் தலைமைப் பரிசு பெற்றது அந்தக் கறுப்புக் காரே. சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய நமக்கு இது பாடபேதமாகத் தோன்றும். மூலம் நீலம்; உலகம் போற்றுவது கறுப்பு. எனினும் சூப்பர்சார்ஜரும் மூலத்தில் இல்லாததுதானே? அதை ஏற்றுக்கொண்டு வண்ணத்தை மட்டும் மறுப்பது எளிதன்று.

57473 என்ற காரின் நிலை இன்னும் கடுமையானது. 1955இல் பிரான்சின் கியான் நகருக்கருகே ஒரு ரயில்வே கடவையில் ரயில் மோதி அது நொறுங்கிற்று. உடையவரும் உடன் வந்தவரும் மாண்டார்கள். நொறுங்கிய பாகங்களை வாங்கிய ஒருவர், ஆண்டுக்கணக்கில் உழைத்து 1970களில் அதை மீண்டும் உருவாக்கினார். அதில் பழைய தகடு எவ்வளவு, புதியது எவ்வளவு என்ற விவாதம் இன்றளவும் ஓயவில்லை. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2013இல் ஏற்றுக்கொண்ட துரின் சாசனம் இத்தகைய ஐயங்களை மனத்திற்கொண்டே எழுதப்பட்டது. புதுக்குவதைவிட இருப்பதைப் பேணுவதே முதன்மை. காலம் பதித்த தழும்புகளும் வரலாறே. புதிதாக மாற்றிய பாகத்தில் அது புதியது என்பதற்கு அடையாளம் இருக்கவேண்டும் என்பன அதன் சாரம். நல்ல பதிப்பாசிரியர் எவரும் மறுக்காத நெறிகள் இவை.

இனிக் கறுப்புக் கார். 57453 என்ற எண் கொண்ட அதை விற்பனைக்கு விடாமல் ழான் தம் சொந்தப் பயன்பாட்டில் வைத்திருந்தார். நெருங்கிய நண்பர் சிலர் மட்டுமே அதை ஓட்டினார்கள். நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டுக்குப் படமெடுக்கப்பட்டதும் நீஸ், லியோன் நகரக் கண்காட்சிகளில் வைக்கப்பட்டதும் இந்தக் கார்தான். 1939 ஆகஸ்ட் 11 அன்று, லெ மான்ஸில் வென்றிருந்த ஒரு பந்தயக் காரைச் சோதித்துக்கொண்டிருந்த ழான், சாலையில் குறுக்கிட்ட சைக்கிள்காரர் ஒருவரைத் தவிர்க்க முயன்று மரத்தில் மோதி இறந்தார். அப்போது வயது முப்பது. மூன்று வாரத்தில் போர் மூண்டது. அல்சாஸ் ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. 1941இல், போர்தோ நகருக்கு ரயிலில் அனுப்ப வேண்டிய கார்களின் பட்டியலோடு அதன் தடயம் முடிகிறது. காப்பதற்கென்று எடுத்துச்சென்ற வழியிலேயே அது தொலைந்தது எனக் கொள்ள இடமுண்டு.

பூட்டி வைத்துக் காத்தவர்களும் உண்டு. அதே அல்சாஸின் முலூஸ் நகரில் துணி ஆலைகள் நடத்திய ஹான்ஸ், ஃபிரிட்ஸ் ஷ்லும்ஃப் சகோதரர்கள், பழைய ஆலைக் கட்டடம் ஒன்றில் நானூறுக்கு மேற்பட்ட கார்களை மறைவாகச் சேர்த்து வைத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவை புகாட்டிகள். அமெரிக்காவின் ஜான் ஷேக்ஸ்பியர் என்ற சேகரிப்பாளரிடமிருந்து மட்டும் 1964இல் முப்பது புகாட்டிகள் வந்து சேர்ந்தன. 1976இல் ஆலைகள் நொடித்தன. 1977இல் கதவைத் திறந்து நுழைந்த தொழிலாளர்கள், தங்கள் உழைப்பின் பயன் எங்கே போயிற்று என்பதை வரிசை வரிசையாக நிற்கக் கண்டார்கள். ஏறத்தாழ இரண்டாண்டு அவர்களே அதைக் கைப்பற்றி 'தொழிலாளர் அருங்காட்சியகம்' என்ற பெயரில் மக்களுக்குத் திறந்து வைத்தார்கள். 1982இல் அது முறையான அருங்காட்சியகமாயிற்று. காற்றும் ஈரமும் தீண்டாமல் பேணிய ஒரு சேகரத்தின் விலையை ஊதியம் இழந்தவர்கள் கொடுத்திருந்தார்கள். காத்தல் பற்றிப் பேசும் எவரும் இந்தக் கணக்கை மறக்கலாகாது.

எஞ்சுவது புகைப்படம். ஏரோலித்தும் அழிந்துபோனது, விரல்விட்டு எண்ணத்தக்க படங்களே அதற்குச் சான்று. கனடாவின் ஒண்டாரியோவில் ஒரு பட்டறையினர், பழைய 57 வகைச் சட்டகம் ஒன்றைக் கொண்டு, அப்படங்களை அளந்தளந்து, மக்னீசியத் தகட்டிலேயே அதை மீண்டும் செய்தார்கள். வளைவையும் தறையாணியின் இடத்தையும் படம் சொல்லிற்று. வண்ணத்தைச் சொல்லவில்லை. அக்காலப் படச்சுருள்களில் ஒருவகை சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியதாகவும் காட்டும் இயல்புடையது. சாம்பல் நிறத்தைப் பார்த்து மூல நிறத்தை ஊகிப்பது இடர் நிறைந்தது. ஆகவே வண்ணத்துக்கு வேறு சான்றுகளைத் தேட வேண்டியதாயிற்று. படம் நம்பத்தகுந்த சாட்சி. ஆனால் கேட்டதற்கு மட்டும் விடைசொல்லும் சாட்சி.

ஆக, ரால்ஃப் லாரனின் கார் விருப்பப்படி மாறிற்று. கியானில் நொறுங்கிய கார் மறுபிறவி எடுத்தது. முதல் கார் 1971இல் 59,000 டாலருக்கு ஏலம் போய், 2010இல் முப்பது மில்லியன் டாலருக்குமேல் என்று பேசப்பட்ட தொகைக்குக் கைமாறிற்று. அது வைக்கப்பட்ட கலிஃபோர்னியாவின் மல்லின் அருங்காட்சியகமோ, நிறுவியவர் மறைந்த மறு ஆண்டில், 2024இல் மூடப்பட்டது. எந்தக் கொட்டகையும் நிரந்தரமன்று. 2019இல் புகாட்டி நிறுவனம் ஜெனீவாவில் 'கறுப்புக் கார்' என்றே பொருள்படும் பெயரில் ஒற்றைக் காரைச் செய்து காட்டியது. அதன் விலை வரி நீங்கலாகப் பதினொரு மில்லியன் யூரோ. பெயரைத் திரும்பக் கொண்டுவர அந்தப் பணம் போதுமானதாக இருந்தது.

ழானின் காரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் சில படங்களும் ஒரு ரயில் பட்டியலும் தரும் செய்தியே. அவற்றை எடுத்தவரும் எழுதியவரும் வரலாற்றுக்கென்று செய்யவில்லை; ஒருவருக்கு விளம்பரம், மற்றவருக்கு அலுவலகக் கடமை. பேணுவதில் எவ்வளவு அக்கறை காட்டினாலும் பொருள் ஒருநாள் கைநழுவும். அப்போது அது இருந்தது என்பதற்கு யாரோ ஒருவர் ஒழுங்காக எழுதிவைத்த ஒரு வரி எஞ்சியிருந்தால் அதுவே பெரிது.