ஹனுக்காப் பண்டமும் மரபின் ஆக்கமும்

சமயப் பண்டிகைக்குரிய உணவு தொன்றுதொட்டு மாறாது வருவதென்பது பொதுவான நம்பிக்கை. யூதரின் ஹனுக்கா விழாவில் உண்ணப்படும் 'சுஃப்கனியா' என்னும் ஜாம் நிரப்பிய டோனட்டின் வரலாறு, இந்நம்பிக்கையை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது.

கி.மு. 164இல் மக்கபேயர் யெரூசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மை செய்தமையை இவ்விழா நினைவுகூர்கின்றது. ஒரு நாளுக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்னும் ஐதீகம் பிற்காலத்துப் பாபிலோனியத் தல்மூதிலேயே காணப்படுகின்றது. மக்கபேயர் முதல் நூல் அதனைக் கூறவில்லை. எண்ணெயிற் பொரித்த பண்டங்கள் இந்த ஐதீகத்தையே நினைவூட்டுவன. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிசின் தந்தையார் மைமோன் இவ்வழக்கத்தைப் போற்றி எழுதியுள்ளார்.

வட ஆபிரிக்க யூதர் உள்ளீடற்ற 'ஸ்ஃபெஞ்ச்' பொரித்தனர். ஜாம் உள்ளீடோ ஜேர்மனி, போலந்து ஆகிய நாடுகளின் பொதுப் பண்டத்திலிருந்து வந்தது. அயலவர் பன்றிக்கொழுப்பிற் பொரித்ததை யூதர் தம் சமய விதிக்கமைய வேறு கொழுப்பிலோ எண்ணெயிலோ பொரித்தனர்.

பலஸ்தீனத்தில் இது பரவியமைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. உருளைக்கிழங்கு அடையை எவரும் வீட்டிற் சுடலாம். டோனட்டுக்குப் பெரும்பாலும் வெதுப்பகம் வேண்டும். எனவே, 1920இல் தோன்றிய ஹிஸ்தத்ருத் தொழிற்சங்கம், தொழிலாளருக்கு வேலை கிடைக்குமெனக் கருதி டோனட்டையே ஊக்குவித்தது என்பர் உணவு வரலாற்றாசிரியர்.

ஆதலின், 'மரபுவழி' டோனட்டைத் தேடுவோர் அதற்கு ஒரே மூலத்தைக் காணார். பெயர் மிஷ்னாவிலுள்ள பழஞ்சொல்லினின்று பிறந்தது, உள்ளீடு ஐரோப்பியருடையது, பரவலோ தொழிலாளர் தேவையால் விளைந்தது. இவற்றை ஒரு மரபாக இணைத்து நிற்பது எண்ணெய் ஒன்றே.