மருதமடு யாத்திரையும் இளைஞர் மனமும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விடத்தல்தீவுக்குத் தெற்கே அமைந்துள்ள சிற்றூர் பாப்பாமோட்டை. அதற்குத் தெற்கே பாலாவித் தீர்த்தக் கரையில் திருக்கேதீச்சரம் விளங்குகிறது. தென்கிழக்கே, வன்னிக் காட்டின் நடுவே மருதமடு அன்னையின் திருத்தலம் இருக்கிறது. இவ்விரு தலங்களுக்கும் மக்கள் காலங்காலமாக யாத்திரை செய்து வந்துள்ளனர். பக்தியோடு மன ஆறுதலையும் அவர்கள் நாடினர் என்பதற்கு இந்நாட்டின் வரலாறு சான்று பகரும்.

மடுவின் கதை அச்சத்திலே பிறந்தது. 1658ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தை ஒடுக்கினர். 1670ஆம் ஆண்டில் மாந்தையில் வாழ்ந்த 20 குடும்பங்கள், அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டினுள் அடைக்கலம் புகுந்தன என்பது மரபு. ஆகவே, மடுவை நோக்கிய முதற் பயணம் திருவிழாப் பயணம் அன்று. உயிருக்கு அஞ்சி ஓடியவர்களின் பயணமே. பிற்காலத்தில் ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் வண்டி கட்டிச் சென்று, காட்டு மரநிழலிற் கொட்டிலமைத்துத் தங்கி, ஒன்றாகச் சமைத்து உண்டு வழிபட்டனர்.

1990ஆம் ஆண்டின் பின், மடு மீண்டும் அகதிகளின் புகலிடமாயிற்று. ஆயினும் 1999 நவம்பர் 20ஆம் நாள் அத்திருத்தலத்தின் மீதே எறிகணைகள் வீழ்ந்து, அடைக்கலம் புகுந்தோரில் 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2008 ஏப்ரலில் திருவுருவம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது. சுமந்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களே.

இத்தகைய சூழலில் வளர்ந்த இளைஞரின் உள்ளம் எதனால் தேறும்? யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிச் சமூகத்தையும் காயப்படுத்துகிறது என்று விளக்கினார். மருந்தோடு குடும்ப உறவு, சடங்கு, வழிபாடு ஆகியவற்றையும் துணைக்கொள்ள வேண்டும் என்றார். யாத்திரையிலே இவை யாவும் கூடுகின்றன. தனித்து மூலையில் ஒடுங்கியிருந்த இளைஞன் பிறரோடு நடக்கிறான், தண்ணீர் சுமக்கிறான், விறகு பொறுக்குகிறான், களைத்து உறங்குகிறான். சிவராத்திரியன்று கேதீச்சரத்திலே அடியார்கள் பாலாவி நீரைத் தாமே முகந்து சிவலிங்கத்துக்கு வார்க்கின்றனர். சொல்ல வாய் வராத துயருக்கும் கைக்கு ஒரு செயல் கிடைக்கிறது. அழுபவனை ஏன் அழுகிறாய் என்று அங்கே எவரும் கடிந்து கேட்பதில்லை.

ஆயினும் யாத்திரை வைத்தியத்துக்கு ஈடாகாது. உறக்கமின்றி வாடுபவனையும், உயிரை மாய்க்கும் எண்ணம் கொண்டவனையும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். அவனது நோயைப் பேயென்றும் பாவமென்றும் பழிப்பது புண்ணை மேலும் கிளறுவதாகும். மேலும், எறிகணை வீழ்ந்த நாளில் மடுவில் இருந்த ஒருவருக்கு அவ்விடமே அச்சத்தை மூட்டக்கூடும். அத்தகையோரை வற்புறுத்தி அழைத்தல் தகாது. அவர்களே விரும்பும் நாளில், அவர்கள் நம்பும் ஒருவர் உடன் செல்லவேண்டும். 1670ஆம் ஆண்டிலும் மாந்தையிலிருந்து எவரும் தனியே நடக்கவில்லை.