தொகுப்புப் பால் குளிர்விப்பான்

ஓர் ஊரின் மாடுகளும் எருமைகளும் கறந்த பாலையெல்லாம் ஒரே தொட்டியில் சேர்த்து, கறந்த சூட்டிலிருந்து 4 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, டேங்கர் லாரி வரும்வரை அதே குளிரில் காக்கும் எந்திரம் தொகுப்புப் பால் குளிர்விப்பான். பால் சொசைட்டிகளில் இதற்குப் புழங்கும் பெயர் ‘பி.எம்.சி.’ எடுத்துக்காட்டாக, காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து, பால் போய்ச் சேர வேண்டிய தஞ்சாவூர் சுமார் 25 கிலோமீட்டர். மனிதருக்கு இது பஸ்ஸில் போய்வரும் தூரம். கத்திரி வெயிலில் அலுமினிய கேனுக்குள் இருக்கும் பாலுக்கு இது நெடும்பயணம். ஊர் ஊராக நின்று கேன் ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் முதலில் ஏறிய பால்தான் அதிக நேரம் வெயிலில் கிடக்கும். குளிர்விப்பானைப் பால் கறக்கும் ஊருக்கே கொண்டுவந்ததன் நோக்கம் இந்தக் காத்திருப்பை ஒழிப்பதுதான்.

மடியிலிருந்து இறங்கும் பால் 37, 38 டிகிரி சூட்டில் இருக்கும். பாலிலேயே இயற்கையாக உள்ள சில பொருள்கள் முதல் இரண்டு மூன்று மணி நேரம் நுண்ணுயிர்களை அடக்கி வைக்கின்றன. அந்தக் கெடு முடிந்ததும் பெருக்கம் தொடங்கிவிடும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமி ஐந்து மணி நேரத்தில் 1,024 மடங்காகும். பத்து மணி நேரத்தில் பத்து லட்சம் மடங்கைத் தாண்டும். அவை பாலின் சர்க்கரையை அமிலமாக்கிவிட, அடுப்பில் வைத்ததும் பால் திரிந்துபோகிறது. 4 டிகிரிக்கு இறங்கிய பாலில் இந்தப் பெருக்கம் வெகுவாகத் தளர்கிறது. தளர்கிறதே தவிர நின்றுவிடுவதில்லை. குளிரிலும் வளரக்கூடிய சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் சுரக்கும் நொதிகள் பாலைக் காய்ச்சிய பிறகும் வேலைசெய்யும். அதனால் குளிர்விப்பானில் பாலை நாள்கணக்கில் வைக்க முடியாது. கழுவாத மடியில் கறந்த பால், குளிர்ந்த பிறகும் கழுவாத மடியில் கறந்த பால்தான்.

வேலையின் அளவு என்ன? 1,000 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 1,25,000 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதே வெப்பத்தை ஐஸ் கட்டியைக் கொண்டு வாங்குவதானால் 375 கிலோ ஐஸ் உருக வேண்டும். 50 கிலோ பார் என்றால் ஏழரை பார். மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் மூன்றே கால் டன் குளிர்த்திறன் தேவை. வீடுகளில் மாட்டும் ஒன்றரை டன் ஏ.சி. இரண்டைச் சேர்த்தாலும் போதாது. இவ்வளவு வேலையும் தினமும் இரண்டு வேளை நடக்கிறது.

தொட்டி துருப்பிடிக்காத எஃகால் ஆனது. உள்தொட்டியின் அடித்தகட்டோடு இன்னொரு தகட்டைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து, இடையில் குளிர்பதன வாயு ஓட வழி விட்டிருப்பார்கள். கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் சூடான வாயு, வெளியே விசிறிக்கு முன்னால் இருக்கும் கன்டென்சரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் சிறு வால்வு வழியே தொட்டியின் அடித்தகட்டுக்குள் நுழைந்து, பாலின் சூட்டை வாங்கி, மறுபடி வாயுவாகிக் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் இருக்கும் பாலியுரேத்தேன் நுரை வெளிச்சூட்டைத் தடுக்கிறது. மேலிருந்து இறங்கும் கலக்கி நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நிதானம் முக்கியமானது. வேகம் கூடினால் வெண்ணெய் திரளும். நின்றுபோனால் அடியில் இருக்கும் பால் உறைந்து மேலே இருப்பது வெதுவெதுப்பாகவே கிடக்கும். பால் உறைவது சுமார் −0.5 டிகிரியில். ஆகவே தொட்டியின் அடியை மூடி, கலக்கியின் இறகை எட்டும் அளவுக்குப் பால் சேரும்வரை குளிரூட்டலைத் தொடங்கக் கூடாது.

இத்தகைய தொட்டிகளுக்கான உலகத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 5708. இந்தியாவில் அதிகம் வாங்கப்படும் ரகத்தை விற்பவர்களும் மெக்கானிக்குகளும் ‘டூ-பி-டூ’ என்பார்கள். முதல் இரண்டு, தொட்டி இரண்டு கறவையில் நிறையும் என்பதைக் குறிக்கும். ‘பி’ என்பது வெளிச்சூடு 32 டிகிரியாக இருக்கும்போது சொன்ன நேரத்தில் குளிர்விக்கும், 38 டிகிரிவரை பழுதின்றி ஓடும் என்ற உறுதி. கடைசி இரண்டு, ஒரு கறவைப் பாலை 3 மணி நேரத்தில் 35-லிருந்து 4 டிகிரிக்கு இறக்கும் வேகம். தஞ்சைப் பக்கத்துச் சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் 38 டிகிரி சர்வசாதாரணம். அதனால் 43 டிகிரிவரை தாங்கும் ‘ஏ’ ரகத்தைக் கேட்டு வாங்குவதே நல்லது. கிடைத்தது ‘பி’ என்றால் கன்டென்சருக்கு நிழலும் காற்றோட்டமும் தேடித் தருவது கட்டாயம்.

இதே குடும்பத்தில் வேறு எந்திரங்களும் உண்டு. பெரிய குளிர்விப்பு நிலையங்களில், இரவில் குழாய்களைச் சுற்றி ஐஸ் கட்டவைத்து, பால் வரும் நேரத்தில் அதில் குளிர்ந்த நீரைத் தகட்டு வெப்பமாற்றிக்குள் விடும் முறை இருக்கிறது. பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டிய இடங்களில் வெறும் நீர் உறைந்துவிடும் என்பதால் கிளைக்கால் கலந்த நீரை ஓடவிடுவார்கள். பல மதுக்கூடங்களில் பீப்பாயிலிருந்து குழாய்க்கு வரும் பீரைக் குளிர்விப்பதும் இந்த முறையில்தான். பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி கீழே குளிர்ந்த கிளைக்கால் நீர், பீர்க்குழாயை ஒட்டியே ஓடிப் போய்த் திரும்பும். உணவுப் பொருள் உள்ள இடத்தில் புரொப்பிலீன் கிளைக்கால்தான் இருக்க வேண்டும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. கலவையின் விகிதத்தை அவ்வப்போது ஒளிவிலகல்மானியில் சோதிக்காவிட்டால், கசிந்ததற்கு ஈடாக ஊற்றிய வெறுந்தண்ணீரால் அது நீர்த்துப்போய் ஒருநாள் குழாய்க்குள் உறைந்துவிடும். பீருக்கும் பாலுக்கும் பழைய உறவொன்றும் இருக்கிறது. 1870-களில் ஜெர்மனியில் கார்ல் ஃபான் லிண்டே தன் குளிர்பதன எந்திரத்தை உருவாக்கியது மியூனிக் நகரத்து பீர் ஆலைகளின் தேவைக்காக. அந்தக் கண்டுபிடிப்பின் வழித்தோன்றல்தான் இன்று சொசைட்டிக் கட்டடத்தின் பின்புறம் உறுமிக்கொண்டிருக்கிறது.

காவிரி டெல்டாவுக்குப் பால் முதன்மைப் பிழைப்பாக இருந்ததில்லை. இங்கே நெல்தான் எல்லாம். நாட்டு மாடான உம்பளச்சேரி, சேற்று உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனது, பால் குறைவு. கலப்பினக் கறவைகள் வந்த பிறகுதான், குறுவையிலும் சம்பாவிலும் கிடைக்கும் வைக்கோலைக் காசாக்கும் வழியாகப் பால் வளர்ந்தது. தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையம் 1981 பிப்ரவரி 1 அன்று பதிவானது. அதன் வணிகப் பெயர் ஆவின். ஊரில் சங்கம், மாவட்ட அளவில் ஒன்றியம், மாநிலத்துக்கு இணையம் என்ற மூன்றடுக்கு குஜராத்தின் ஆனந்தில் பிறந்த அமைப்பு. இதில் கீழடுக்கின் கையில் இருக்கும் பெரிய எந்திரம் பி.எம்.சி.தான்.

கேனில் பால் போன காலத்தில் ஒரு கேன் கெட்டால் நஷ்டம் 40 லிட்டரோடு நின்றது. குளிர்விப்பானில் ஊரின் பால் முழுவதும் ஒன்றாகிவிடுகிறது. ஒரு வீட்டுப் புளித்த பால் நூறு வீட்டுப் பாலையும் கெடுக்க முடியும். ஆகவே, தொட்டியின் வாயில் நடக்கும் சோதனைதான் இந்த எந்திரத்தின் இயக்கத்தில் முதற்கட்டம் என்று கொள்ள வேண்டும்.

மாலை நான்கரை மணிக்கு மேல் சைக்கிளிலும் மொபெட்டிலும் தூக்குவாளிகள் வரத் தொடங்கும். டெஸ்டர் மூடியைத் திறந்ததும் செய்வது முகர்ந்து பார்ப்பது. பழகிய மூக்கு, புளிப்பின் தொடக்கத்தை எந்தக் கருவிக்கும் முந்திச் சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் சோதனைக் குழாயில் சிறிது பாலைக் கொதிக்கவைத்துச் சாய்த்துப் பார்ப்பார். குழாயின் உட்சுவரில் பொடித்துகள் ஒட்டியிருந்தால் அந்தப் பால் தொட்டிக்குள் போகாது. கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் (எஸ்.என்.எஃப்.) அளப்பது விலைக்காக, இந்தக் கொதிசோதனை தொட்டியைக் காப்பதற்காக. பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரின் டிகிரிதான் கும்பகோணம் டிகிரி காபிக்குப் பெயர் கொடுத்தது என்று சொல்வாருண்டு. அந்த அளவுக்குப் பாலை அளந்து பார்க்கும் பழக்கம் இந்த வட்டாரத்தில் ஊறிப்போனது. அளந்த பால் வடிகட்டித் துணி வழியாகத் தொட்டிக்குள் விழும். கடைசி வாளி கொட்டிய நேரம், அப்போதைய சூடு, 4 டிகிரியைத் தொட்ட நேரம் ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதிவைக்கும் சங்கத்துக்கு மெக்கானிக்கே பாதி தேவைப்படாது. நேற்று மூன்று மணி நேரமானது இன்று மூன்றே முக்கால் ஆனால், ஏதோ தொடங்கிவிட்டது என்று அந்த நோட்டே சொல்லும்.

பெரும்பாலும் தொடங்கியிருப்பது தூசி. அறுவடைக் காலத்தில் டெல்டாவின் காற்றில் வைக்கோல் துகளும் நெல் சுணையும் மிதக்கும். விசிறி அதையெல்லாம் இழுத்துக் கன்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையில் திணித்துவிடும். வெப்பம் வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறும். கம்ப்ரசர் கொதித்து, காப்புச் சுவிட்ச் விழும். வெளியே தொட்டுப் பார்த்தால் சாம்பல்நிறக் கம்பளி போர்த்தியதுபோல் இருக்கும். மென்மையான பிரஷ்ஷால் தகட்டின் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தள்ளி, பிறகு விசிறி தள்ளும் திசைக்கு எதிராக நீரையோ காற்றையோ மெதுவாக அடிக்க வேண்டும். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கி, பிறகு எவ்வளவு கழுவியும் பயனில்லை. அறுப்பு நடக்கும் வாரங்களில் வாரத்துக்கு இருமுறை செய்தாலும் அதிகமில்லை.

அடுத்த புகார், ‘கேஸ் இறங்கிடுச்சு.’ இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூடிய சுற்றில் ஓடும் வாயு தேய்ந்துபோவதில்லை. குறைந்தால் ஒழுகியிருக்கிறது என்று பொருள். ஒழுகும் இடத்தில் எண்ணெய்க் கசிவு தெரியும், சோப்பு நுரை வைத்தால் குமிழி வரும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் மறுபடி மறுபடி வாயு நிரப்புவது சங்கத்தின் பணத்தைக் காற்றில் விடுவதாகும். பழைய எந்திரங்களில் இருக்கும் ஆர்-22 வாயு, மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகெங்கும் படிப்படியாக நிறுத்தப்பட்டுவருகிறது. அதனால் இந்த வீண்செலவு ஆண்டுக்கு ஆண்டு கூடும். வெப்பமானியையும் நம்பிவிடக் கூடாது. உருகும் ஐஸ் நிறைந்த டம்ளரில் உணர்முனையை வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். 2 காட்டினால், திரையில் 4 என்று தெரியும்போது தொட்டிக்குள் பால் 2 டிகிரியில் உறைவை நெருங்குகிறது. மாறாகக் குறைத்துக் காட்டினால் பால் மெல்லப் புளிக்கிறது.

மின்சாரம்தான் பெரிய கவலை. மும்முனை இணைப்பில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் கம்ப்ரசர் மோட்டார் சில நிமிடங்களில் எரிந்துவிடும். ஆகவே ஃபேஸ் தடுப்பான் இல்லாமல் எந்திரத்தை ஓட்டவே கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மாட்டின் கறவை மின்சாரத்துக்காகக் காத்திருக்காது. டீசல் ஜெனரேட்டர் இல்லாத குளிர்விப்பான் அத்தகைய நாளில் வெறும் எஃகுத் தொட்டி. ஜெனரேட்டர் இருந்தாலும், வாரம் ஒருமுறை சுமையோடு ஓட்டிப் பார்த்தால்தான் தேவைப்படும் அன்று அது கிளம்பும்.

டீசல் செலவுக்கு மாற்றுத் தேடிய முயற்சி ஒன்று தமிழ்நாட்டோடு தொடர்புடையது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. வட்டாரத்தில் சந்தித்த சோரின் கிராமாவும் சாம் ஒயிட்டும் 2007-ல் தொடங்கிய புரோமிதியன் பவர் சிஸ்டம்ஸ், முதலில் சூரிய ஒளியால் பாலைக் குளிர்விக்கத் திட்டமிட்டது. செலவு கட்டுப்படியாகவில்லை. பிறகு, மின்சாரம் வரும் நேரத்தில் குளிரைச் சேமித்துவைத்து, பால் வரும் நேரத்தில் செலவிடும் ‘வெப்ப பேட்டரி’க்கு மாறினார்கள். தமிழ்நாட்டின் தனியார் பால் நிறுவனமான ஹட்சன் புரோமிதியனின் தொடக்ககால வாடிக்கையாளர்களில் ஒன்று. ஐஸ் கட்டவைக்கும் பழைய முறையின் புதிய வடிவம்தான் இது என்றாலும், விட்டுவிட்டு வரும் கரண்டையே வரமாக்கிக்கொள்ளும் யோசனை நம் ஊர்களுக்குப் பொருந்துகிறது.

டேங்கர் பாலை உறிஞ்சிக்கொண்டு கிளம்பியதும் கழுவும் வேலை. தொட்டிச் சுவரில் பாலாடை காய்வதற்குள் தொடங்கிவிட வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீர். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு 60, 70 டிகிரி சூட்டில் காரக் கரைசல், நீண்ட பிரஷ், மறுபடி தண்ணீர். ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமாக உள்ள ஊர்களில் ‘பால் கல்’ எனும் சுண்ணாம்புப் படிவு சீக்கிரம் பிடிக்கும். அதற்கு வாரம் ஒருமுறை அமிலக் கழுவல். அமிலமும் குளோரினும் ஒருபோதும் சேரக் கூடாது. சேர்ந்தால் எழுவது நச்சுவாயு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் காரத்தைத் தொடவோ, வெளியே ஆள் நிறுத்தாமல் தொட்டிக்குள் இறங்கவோ கூடாது. எல்லாம் முடிந்தபின் பலர் மறப்பது வெளியேற்று வால்வு. அதைக் கழற்றி, ரப்பர் வளையத்தை விரலால் நெம்பி எடுத்தால், அதன் பள்ளத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு அழுக்கு இருக்கும். நேற்றைய பால் அது. அதைத் தேய்த்து எடுத்து, வளையத்தைக் கழுவி, வால்வைத் திறந்த வாக்கிலேயே மாலைவரை காயவிடுகிறார்கள்.