பருவம் இல்லாத பரிசு: நெல்லைக் கல்லூரிக் கூடைப்பந்தில் தனிவீரர் அங்கீகாரம்

விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் இணைக்க வேண்டிய தாளுக்குப் ‘படிவம் 3’ என்று பெயர். மத்தியப் பணியாளர் துறையின் 1980 ஆகஸ்ட் 4 நாளிட்ட ஆணையோடு வந்தது அது. இன்னார், இன்ன பல்கலைக்கழகத்தின் சார்பில், இன்ன ஊரில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நடந்த போட்டியில் ஆடினார். அவரோ அவரது அணியோ பெற்ற இடம் இது என்று பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர் கையொப்பமிடுவார். எத்தனை புள்ளி எடுத்தார், எத்தனை நிமிடம் களத்தில் நின்றார் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் ஆடும் மாணவனுக்கு ஓராண்டு ஆட்டத்தின் முடிவில் கையில் மிஞ்சும் கௌரவம், நடைமுறையில், இந்தத் தாள்தான்.

ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் என்று நாடறிந்த விருது எதுவும் நம்மிடம் நிலைபெறவில்லை. ‘நம்மவர்கள் தனிமனிதனைவிட அணியை மதிப்பவர்கள்’ என்று இதற்குப் பெருமையாகக் காரணம் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விருது இல்லாததற்குக் காரணங்கள் இரண்டு: பருவம் என்று சொல்லத்தக்க நீண்ட ஆட்டத்தொடர் இல்லை, ஆடிய சில ஆட்டங்களின் பதிவும் நிலைப்பதில்லை.

1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றும்வரை தாமிரபரணிக் கரைக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தன. தூய சவேரியார், தூய யோவான், சதக்கத்துல்லாஹ் அப்பா, பேட்டை ம.தி.தா. இந்துக் கல்லூரி என்று எந்தக் கல்லூரி வீரனாக இருந்தாலும் பாதை ஒன்றே: கல்லூரிகளுக்கிடையேயான போட்டி, பல்கலைக்கழக அணித் தேர்வு, தென்மண்டலப் போட்டி, மண்டலத்தில் தேறினால் அகில இந்தியப் போட்டி. முதற்கட்டம் பெரும்பாலும் நாக் அவுட். காலையில் தோற்ற அணி மதியம் பேருந்து ஏறிவிடும். தென்மண்டலத்திலோ, உதவித்தொகையும் விடுதியும் தந்து வீரர்களைச் சேர்த்துக்கொள்ளும் சென்னைத் தனியார் பல்கலைக்கழகங்களோடு மோத வேண்டும். உயரமும் கைத்திறனும் உள்ள தென்மாவட்டப் பையன்கள் பலர் பிளஸ் டூ முடித்ததும் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள். எஞ்சியிருப்பவன் ஆண்டு முழுக்க ஆடும் முக்கிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1980 ஆணை வகுத்த முன்னுரிமை வரிசை இந்த நிலையை இன்னும் இறுக்குகிறது. பல்கலைக்கழகப் போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர்கள் முன்னே. பங்கேற்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் கடைசி வரிசையில். வென்ற அணியின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த பன்னிரண்டாம் ஆளும், அணியைத் தூக்கி நிறுத்திய ஆட்டக்காரனும் தாளில் ஒன்று. முதல் சுற்றில் தோற்ற அணியில் தனி ஒருவனாகப் போராடியவன் இருவருக்கும் பின்னே. உச்சியிலும் இதே கதைதான்: 1956-57 முதல் வழங்கப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை பல்கலைக்கழகத்துக்கு உரியது. தனிவீரருக்கு எஞ்சுவது அர்ஜுனா விருது. ஆடவர் கூடைப்பந்தில் 2001-இல் பர்மிந்தர் சிங்குக்குப் பிறகு 2020-இல்தான் விசேஷ் பிரிகுவன்ஷிக்கு அது கிடைத்தது. கல்லூரிப் பையன் அதை நம்பி ஆட முடியாது.

அமெரிக்காவை இங்கே ஒப்பிடுவது அதன் பணத்துக்காக அல்ல, கணக்குக்காக. அசோசியேட்டட் பிரஸ் 1961 முதலும், நெய்ஸ்மித் விருதுக்குழு 1969 முதலும், வுடன் விருதுக்குழு 1977 முதலும் ஆண்டின் சிறந்த ஆடவர் கல்லூரி வீரரைத் தேர்ந்தெடுக்கின்றன. 2023-இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி இந்த விருதுகளைப் பெற்றார். அந்த மார்ச்சில் தேசியப் போட்டியில் தன் மண்டலத்தின் முதலிடம் தரப்பட்டிருந்த அவரது அணி, முதல் சுற்றிலேயே அதே மண்டலத்தின் பதினாறாம் இடத்து ஃபேர்லீ டிக்கின்சனிடம் தோற்று வெளியேறியிருந்தது. நம் படிவத்தின்படி பார்த்தால் அவர் ‘பங்கேற்றார்’, அவ்வளவே. ஆட்டத்துக்குச் சராசரி 22.3 புள்ளி, 12.9 ரீபவுண்ட் என்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களின் கணக்கு எழுத்தில் இருந்ததால், ஒரு ராத்திரித் தோல்வி அவரது பருவத்தை அழிக்கவில்லை.

தனிவீரர் விருது வந்தால் பாஸ் கொடுக்காமல் ஷாட்டே அடிப்பார்கள் என்பது நம் பயிற்சியாளர்களின் அச்சம். இது நியாயமானதே. ஆனால் தனிவீரர் பரிசு இப்போதும் இல்லாமல் இல்லை. பல போட்டிகளின் இறுதிநாளில் ‘பெஸ்ட் பிளேயர்’ கோப்பை உண்டு. பெரும்பாலும் இறுதியாட்டத்தில் கண்ணில் பட்டவருக்கு, சில சமயம் நடத்தும் கல்லூரியின் பையனுக்கே போகும். கணக்கில்லாத இந்தப் பரிசுதான் ஷாட் பைத்தியத்தை வளர்க்கிறது. கடைசி ஆட்டத்தில் கண்ணைப் பறித்தால் போதும் என்றால் யார் தடுப்பாட்டம் ஆடுவார்கள்?

பதிவுக்கு அடிப்படை நம் மேசையிலேயே இருக்கிறது. சர்வதேசக் கூட்டமைப்பின் ஸ்கோர் ஷீட்டில் 1 முதல் 160 வரை எண்கள் நெடுக்காக அச்சாகியிருக்கும். கூடை விழுந்ததும் புதிய மொத்தத்தின்மேல் சாய்கோடு; ஃப்ரீ த்ரோ என்றால் கறுப்புப் புள்ளி; பக்கத்தில் போட்டவரின் எண்; மூன்று புள்ளி என்றால் அந்த எண்ணைச் சுற்றி வட்டம். வெள்ளை மூலத்தாள் கூட்டமைப்புக்கு, நீலப்படி நடத்துநருக்கு, இளஞ்சிவப்பு வென்றவருக்கு, மஞ்சள் தோற்றவருக்கு. ஆட்டத்தின் எந்தக் கால்பகுதியில் யார் சரிந்தார், யார் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியேறினார் என்பதெல்லாம் அதிலிருந்து மீட்டெடுக்கலாம். நம் ஊரில் வெற்றி, தோல்வியைச் செய்தித்தாளுக்குச் சொன்னதோடு அந்தத் தாளின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

ஒரு குறை உண்டு. அந்தத் தாளில் அசிஸ்ட், ரீபவுண்ட் இரண்டுக்கும் இடமில்லை. புள்ளியை மட்டும் எண்ணினால் பந்தைக் கொண்டுவந்து சேர்த்த பாயின்ட் கார்டு காணாமல் போவான். உயரமானவனே ஆண்டுதோறும் சிறந்தவன் ஆவான். மேசைக்கு அருகில் உடற்கல்வி மாணவர் இருவரை உட்காரவைத்தால் இந்தக் குறை தீரும். இதற்குச் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

ஆகவே கோப்பை வாங்குவது இரண்டாம் வேலை. பல்கலைக்கழகம் முதலில் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியை நாக் அவுட்டிலிருந்து லீக்குக்கு மாற்றட்டும். ஒவ்வோர் ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டையும் இணையதளத்தில் ஏற்றட்டும். பருவ முடிவில் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்கள், தம் கல்லூரி வீரருக்கு வாக்களிக்கக் கூடாது என்ற ஒரே விதியோடு, ஐவரைத் தேர்ந்தெடுக்கட்டும். படிவம் 3-உடன் அந்தத் தேர்வையும் பின்னிணைப்பாகத் தரத் தேர்வு வாரியங்கள் அனுமதிக்க வேண்டும்.