எஸ்.வி. சுப்பையா

எஸ்.வி. சுப்பையா (1920–1980) தமிழ் நாடக, திரைப்படக் குணச்சித்திர நடிகர், தயாரிப்பாளர். ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் பாரதியாராக நடித்தவர்.

நாடக வாழ்க்கை

செங்கோட்டையில் பிறந்த சுப்பையா சிறுவயதிலேயே நாடகத்துக்கு வந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவிலும் பின்னர் சக்தி நாடக சபாவிலும் நடித்தார். எஸ்.டி. சுந்தரம் எழுதிய ‘கவியின் கனவு’ அவருக்குப் புகழ் தந்தது.

திரை வாழ்க்கை

‘பாகப்பிரிவினை’யில் (1959) அண்ணன் சொல் தட்டாத தம்பியாகவும், ‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) மகளின் குழந்தையை அநாதை இல்லத்தில் சேர்க்கும் தந்தையாகவும் நடித்தார். 1961-ல் பி.ஆர். பந்துலு இயக்கிய ‘கப்பலோட்டிய தமிழன்’ வெளிவந்தது. பாரதியின் குரல் பதிவு ஏதும் இல்லை, கிடைத்த ஒளிப்படங்களும் சிலவே. ஆகவே ஒரு தலைமுறைக்குப் பாரதியின் குரலும் நடையும் சுப்பையாவுடையவையாகவே மனதில் பதிந்தன. ‘ஆதி பராசக்தி’யில் (1971) அபிராமி பட்டராகவும், ‘அரங்கேற்ற’த்தில் (1973) பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பத்தின் தலைவர் ராமு சாஸ்திரிகளாகவும் நடித்தார்.

தயாரிப்பு

ஜெயகாந்தனின் ‘கைவிலங்கு’ கதையை ‘காவல் தெய்வம்’ (1969) என்ற படமாகத் தயாரித்து, சிறை அதிகாரியாகத் தானே நடித்தார். இயக்கம் கே. விஜயன்.

தனி வாழ்க்கை, மறைவு

படப்பிடிப்பு இல்லாத நாட்களில் சுப்பையா ஒரு விவசாயி. சென்னைக்கு வடமேற்கே, செங்குன்றத்தை அடுத்த காரனோடையில் நிலம் வாங்கிப் பயிர் செய்தார். 1980-ல் மறைந்தார்.

மதிப்பீடு

கதாநாயகனாக நிலைபெறாமலேயே, கதையின் துயரத்தைத் தாங்கும் பாத்திரங்களால் நினைவில் நிற்கும் நடிகர் சுப்பையா.