52 விநாடிகளுக்காக விட்ட அம்பு... 17 வயசுல உலக சாம்பியனான சதாரா பொண்ணு அதிதி!

ஆகஸ்ட் 5, 2023. பெர்லின். உலக வில்வித்தை சாம்பியன்ஷிப்பின் பெண்கள் காம்பவுண்ட் இறுதிப்போட்டி. ஒரு பக்கம் மெக்ஸிகோவின் ஆண்ட்ரியா பெசெரா. நடப்பு சாம்பியனாக வந்த சாரா லோபஸையே வீட்டுக்கு அனுப்பியவர். இன்னொரு பக்கம் 17 வயசு அதிதி கோபிசந்த் சுவாமி. மொத்தம் 15 அம்புகள். முதல் 12 அம்புகளும் அதிதிக்கு 10, 10, 10 தான். ஒன்றுகூட பிசகவில்லை. 120-117. கடைசி மூன்றில் ஒரே ஒரு 9 விழுந்தது. அதற்குள் மேட்ச் கையை விட்டுப் போகாத தூரத்துக்கு வந்துவிட்டது. 149-147.

உலக வில்வித்தை சாம்பியன்ஷிப்பில் தனிநபர் தங்கம் வாங்கிய முதல் இந்தியர் அதிதிதான். முந்தின நாள் ஜோதி சுரேகா வென்னம், பர்னீத் கவுரோடு சேர்ந்து அணிப் பிரிவிலும் மெக்ஸிகோவை 235-229 என ஜெயித்திருந்தார். இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் தங்கமே அதுதான். அதுவரை வெள்ளி, வெண்கலத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்த நாடு நாம்.

ஜெயித்ததும் அதிதி சொன்னது ரொம்ப சிம்பிள். உலக சாம்பியன்ஷிப்பில் அந்த 52 விநாடி தேசிய கீதம் ஒலிப்பதைக் கேட்கணும், அவ்வளவுதான் ஆசை என்றார்.

அப்பாவோட கணக்கு

மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில் ஷேரேவாடி என்கிற சின்ன கிராமம்தான் சொந்த ஊர். அப்பா கோபிசந்த் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அம்மாவும் அரசு வேலையில் இருப்பவர். பிள்ளைகளுக்கு விளையாட்டு வாய்ப்பு கிடைக்கணும் என்று குடும்பம் சதாரா நகரத்துக்குக் குடிவந்தது. ஊரில் இருக்கும் ஸ்டேடியத்துக்கு மகளைக் கூட்டிப்போனார் அப்பா. அப்போது அதிதிக்கு 12 வயசு இருக்கும். மற்ற பிள்ளைகள் ஓடிக்கொண்டும் பந்தை உதைத்துக்கொண்டும் இருக்க, இவர் கண் போனது ஒரு ஓரமாகச் சத்தமில்லாமல் குறிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம்.

அங்கிருந்து பயிற்சியாளர் பிரவீன் சாவந்த்தின் திருஷ்டி அகாடமி. பளபள ஸ்டேடியம் எல்லாம் கற்பனை பண்ணாதீங்க. சுற்றிலும் கரும்புத் தோட்டம், நடுவில் டார்கெட் நட்ட மைதானம். அங்கேதான் தினமும் மணிக்கணக்கில் அம்பு விட்டார். அதே பெர்லினில் அதே நாளில் ஆண்கள் பிரிவில் 150-க்கு 150 எடுத்துத் தங்கம் வென்ற நாக்பூர் பையன் ஓஜஸ் தியோதலேவும் இந்த அகாடமி மாணவர்தான்.

ஆனால், இந்த விளையாட்டு பர்ஸைக் காலி பண்ணும். ஒரு நல்ல காம்பவுண்ட் வில் லட்சங்களில். அம்புகள் தனி. அதுவும் பிள்ளை வளர வளர வில்லையும் மாற்றணும். வாத்தியார் சம்பளத்தில் இது கட்டுமா? கோபிசந்த் கடன் வாங்கினார், திரும்பவும் வாங்கினார். கணக்கு வாத்தியாருக்குத் தெரியாத கணக்கா? தெரிந்தேதான் வாங்கினார்.

காம்பவுண்ட்னா என்ன?

ஒலிம்பிக்ஸில் தீபிகா குமாரி கையில் பார்க்கிறோமே, அது ரீகர்வ். காம்பவுண்ட் வேற ரகம். வில்லின் இரண்டு முனையிலும் சக்கரம் மாதிரி 'கேம்' இருக்கும். இழுக்க ஆரம்பிக்கும்போது பயங்கர கனம். முழுசாக இழுத்ததும் சக்கரம் திரும்பி அந்தக் கனத்தில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். அதனால் நின்று நிதானமாகக் குறிபார்க்கலாம். குறிபார்க்கப் பூதக்கண்ணாடி, வில் சாயாமல் பார்க்க நீர்மட்டக் குமிழி, நாணை விரலால் விடாமல் பட்டனால் விடும் 'ரிலீஸ்' கருவி... எல்லாம் உண்டு.

"அப்போ ஈஸிதானே?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. 50 மீட்டர் தூரத்தில் வெறும் 8 செ.மீ. வட்டம்தான் 10 பாயின்ட். எல்லோருமே அதில் அடிக்கிறார்கள் என்பதால், ஒரு 9 விழுந்தாலே மேட்ச் போய்விடும். ரீகர்வில் செட் கணக்கு. ஒரு செட் சொதப்பினால் அடுத்ததில் பிடித்துவிடலாம். இங்கே எல்லா பாயின்ட்டும் மொத்தமாகக் கூடும். போனது போனதுதான்.

இந்தத் துல்லியத்தில்தான் அதிதி முதலில் கவனம் ஈர்த்தார். 2023 ஜூனில் கொலம்பியாவின் மெடலின் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் 72 அம்புகளுக்கு 720-ல் 711. 18 வயசுக்கு உட்பட்டோரில் உலக சாதனை. ஜூலையில் அயர்லாந்தின் லிமெரிக்கில் அதே வயதுப் பிரிவில் உலக சாம்பியன். அடுத்த மாதமே பெர்லினில் பெரியவர்களையும் ஜெயித்தாயிற்று!

அக்காவும் தங்கச்சியும்

எனக்கு இந்தக் கதையில் இறுதிப்போட்டியைவிட அரையிறுதிதான் பிடிக்கும். பெர்லினில் அதிதி அரையிறுதியில் வென்றது யாரை? விஜயவாடாவின் ஜோதி சுரேகாவை. வயதில் 10 வருஷம் மூத்தவர், இந்திய காம்பவுண்டைப் பல வருஷம் தோளில் சுமந்தவர். 149-145 என அவரைத் தாண்டித்தான் ஃபைனலுக்குப் போனார். ஜோதிக்கு வெண்கலம்.

இரண்டு மாதம் கழித்து ஹாங்சோ ஆசிய விளையாட்டு. மறுபடியும் அரையிறுதி, மறுபடியும் அதே இருவர். இந்த முறை ஜோதி 149-146. ஜோதி தங்கத்தோடு முடித்தார், அதிதிக்கு வெண்கலம். அணிப் பிரிவில் இருவரும் பர்னீத்தும் சேர்ந்து தங்கம். 2024-ல் ஷாங்காய், யெச்சோன், அன்டால்யா என மூன்று உலகக் கோப்பைகளில் தொடர்ந்து அணித் தங்கமும் இந்த மூவருக்குத்தான். 2023-க்கான அர்ஜுனா விருதும் அதிதியைத் தேடி வந்தது.

ஆனாலும், பாரிஸ் ஒலிம்பிக்ஸை அவர் டி.வி-யில்தான் பார்க்க முடிந்தது. ஃபார்ம் போனதால் இல்லை. ஒலிம்பிக்ஸில் காம்பவுண்டே கிடையாது!

2028 லாஸ் ஏஞ்சலஸில் கதவு கொஞ்சமாகத் திறக்கிறது. காம்பவுண்ட் கலப்பு அணிப் பிரிவு முதல்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தனிநபர் கிடையாது, மூவர் அணி கிடையாது. ஒரு நாட்டுக்கு ஒரு ஆண், ஒரு பெண், அவ்வளவுதான். ஜோதி, பர்னீத், அதிதி, பின்னால் வந்துகொண்டிருக்கும் புதுப் பிள்ளைகள்... இத்தனை பேருக்கும் இருப்பது ஒரே ஒரு இடம். லாஸ் ஏஞ்சலஸ் வரும்போது அதிதிக்கு வயசு 22.