லயத்து முற்றத்தில் ஒரு சிலம்பக் கூடம்

சிலம்பு என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. மகளிர் காலில் அணியும் அணி என்பது எல்லோரும் அறிந்தது. ஒலி என்றும், மலை என்றும் அதற்குப் பொருள் உண்டு. குறிஞ்சி நிலத் தலைவனைச் சிலம்பன் என்று முன்னோர் அழைத்தது மலை என்னும் பொருளை ஒட்டியே. கம்பு சுற்றும் கலைக்குச் சிலம்பம் என்ற பெயர் எப்படி வந்தது? சுழலும் கம்பு எழுப்பும் ஒலியால் வந்தது என்பார் சிலர். மலையில் விளையும் மூங்கிலால் வந்தது என்பார் வேறு சிலர். எது சரியாயினும், மலையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒரு கலை, பிற்காலத்தில் கடல் கடந்து வேறொரு மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த வருகையின் கதையைத்தான் நேயர்களோடு இன்று பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

வேலை தேடி அயல்நாடு செல்பவன் முதலில் தேடுவது உணவும் உறைவிடமும். அவை கிடைத்தபின் தன் மொழி பேசுவோரைத் தேடுகிறான். அதன் பின்னர் அவன் தேடுவது, தான் ஊரில் பழகிய கலையைத் தொடர்ந்து பழக ஓர் இடத்தை. பாட்டுக்காரனுக்குப் பஜனை மடம் எப்படியோ, கம்பு பிடித்தவனுக்குச் சிலம்பக் கூடம் அப்படி. இன்றைக்குத் துறைமுக நகரங்களில் பெயர்ப்பலகையோடு தற்காப்புக் கலைக் கழகங்கள் இருக்கின்றன. பெயர்ப்பலகை இல்லாத காலத்தில் நம்மவர் அதை எங்கே கண்டார்கள்?

முதலில் அவர்கள் விட்டு வந்த மண்ணைப் பார்ப்போம். தென்தமிழகத்துப் பாளையக்காரர்களின் இறுதிப் போர் 1801இல் முடிந்தது. சின்னமருது திருச்சிராப்பள்ளியில் அறிக்கை ஒட்டியது அவ்வாண்டு ஜூன் மாதம். மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது ஒக்டோபர் 24ஆம் திகதி. டிசம்பர் முதலாம் திகதி சென்னை ஆளுநர் கிளைவ் பிரபு விடுத்த பிரகடனம், பாளையங்களின் ஆயுதங்களைக் களையச் சொன்னது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. வாளும் வேலும் பறிக்கப்பட்டன. ஆனால் கம்பை எவ்வாறு பறிப்பது? ஆடு மேய்ப்பவனிடமும் கம்பு இருக்கிறது, வழிப்போக்கனிடமும் கம்பு இருக்கிறது. போர்க்களத்தை இழந்த வீரம் ஊர்த்திருவிழாவின் விளையாட்டாக உருமாறி உயிர் தப்பிற்று எனலாம்.

அந்த ஊர்களிலிருந்துதான் 1820களில் தொடங்கி இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்தனர். திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை ஆகியனவே பெரும்பாலோரின் பூர்வீகம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கிற்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் மேலும் பலரை மலைக்குத் தள்ளியது.

இவர்கள் கொண்டுவந்த மூட்டையில் என்ன இருந்திருக்கும்? ஒரு மாற்றுத்துணி, ஒரு சட்டி, குலதெய்வக் கோயிலின் பிடிமண், இவ்வளவே. ஆனால் மூட்டையில் கட்ட வேண்டாதவையும் உடன் வந்தன. தாலாட்டும் ஒப்பாரியும் காமன் கூத்தும் நாவில் வந்தன. சிலம்பம் காலிலும் கையிலும் வந்தது. கருவியைச் சுமக்கத் தேவையில்லாத கலை அது. போய்ச் சேர்ந்த இடத்தில் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பை வெட்டிக்கொண்டால் போதும்.

டயகமவை அறியாத நேயர்களுக்கு ஒரு சொல். தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை ஊடாகச் செல்லும் பாதையின் கடைசியில், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் கிடக்கிறது டயகம. அதற்கு அப்பால் தேயிலை இல்லை, காடும் பனியுமே. மகாவலிக்கு நீர் சேர்க்கும் ஆக்ரா ஓயா அப்பக்கத்து மலைகளில்தான் ஊற்றெடுக்கிறது. இப்படியான கடைக்கோடித் தோட்டத்திற்கு வந்துசேர்ந்த ஒருவனுக்கு நாள் என்பது தப்பொலியில் விடிந்தது. பெரட்டுக்களத்தில் அவன் பெயர் செக்ரோலில் ஏறும். அதன் பிறகு கவ்வாத்துக் கத்தி அல்லது முள்ளு. மாலையில் பத்தடிக் காம்பராவுக்குத் திரும்பினால் குளிர். அவனுடைய உடம்பு முழுவதும் துரைக்கும் கங்காணிக்கும் கணக்குக் கொடுத்த உடம்பு.

அந்த உடம்பு தனக்கே சொந்தமாக இருந்தது இருட்டிய பின்னர்தான். லயத்து முற்றத்தில் தீப்பந்தம் ஏற்றி, கம்பு தெரிந்த ஒருவர் நான்கு பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொள்வார். அதுதான் கூடம். புதிதாக வந்தவனுக்கு வழிகாட்டியாக இருந்தது கம்போடு கம்பு மோதும் ஓசை. இல்லையேல், மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் கம்பு சுற்றிப் போகிறவர்களைப் பார்த்து, ‘இவர் எந்த வாத்தியார் பிள்ளை?’ என்று விசாரிப்பான். கையெடுத்துக் கும்பிட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, காலில் விழுந்தால் சேர்த்துக்கொள்வார்கள்.

‘வாத்தியார்’ என்ற அழைப்பைக் கவனியுங்கள். பகலில் அதே மனிதர் பெரட்டுக்களத்தில் ஓர் ஆள். பெயருக்கு ‘டேய்’ என்ற முன்னொட்டுத்தான். இருட்டியதும் அவர் வாத்தியார். அவருக்கு முன் நின்று முதலில் கற்பது அடி அல்ல, வணக்கம். சலாம் வரிசை என்று அதற்குப் பெயர். நிலத்தைத் தொட்டு, ஆசானை வணங்கி, எதிரே நிற்பவனையும் வணங்கிய பிறகே கம்பு அசையும். அடுத்தது காலடி. கையில் கம்பின்றிப் பல நாள் காலை மட்டும் வைத்துப் பழக வேண்டும். அதன் பின்னர் ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, அடிவரிசை, தடுப்பு. போட்டியில் எதிரியின் உடலில் கம்பு நுனியால் தொட்டு அடையாளம் வைப்பதே வெற்றி. நெற்றியில் பொட்டு வைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. எலும்பை முறிக்கும் வல்லமை உள்ளவன் பொட்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறான். வலிமையை அடக்கிக் காட்டுவதே இக்கலையின் உயர்ந்த பாடம்.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஊரின் சாதிக்கட்டும் மூட்டையில் ஏறாமலே வந்த ஒன்றுதான். லயங்களே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டபோது கூடங்கள் மட்டும் எங்ஙனம் எல்லோருக்கும் திறந்திருக்கும்? தப்படித்தவரின் தாளத்துக்குக் கம்பு சுழன்றது. ஆனால் அவருடைய பிள்ளை கம்பு பிடிக்க எல்லா முற்றத்திலும் இடம் இருந்ததில்லை. பெண்பிள்ளைகளோ வேடிக்கை பார்க்கும் வரிசையிலேயே நின்றார்கள். இதையும் சொல்லாமல் வரலாறு முழுமை பெறாது.

உலகின் வேறு இடங்களிலும் இதே போன்ற கதை நடந்திருக்கிறது. பிரேசிலின் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கர்கள் கப்போய்ரா என்னும் ஆட்டத்தை வளர்த்தார்கள். பாட்டும் தாளமும் சேர்ந்த சண்டை அது. 1890இல் அந்நாட்டுத் தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. ஆனால் 1932இல் மெஸ்த்ரே பிம்பா என்பவர் சல்வடோர் நகரில் அதற்கென ஒரு பயிற்சிப் பள்ளியே தொடங்கினார். 2014இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சீனரை எடுத்துக்கொள்ளுங்கள். 1910இல் ஷங்காயில் தோன்றிய சின் வூ கழகம் பத்தாண்டுகளில் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கிளை விரித்தது. கடல் கடந்த சீன இளைஞன் தன் கழகத்தை ஒரு கட்டடத்தில், ஓர் அங்கத்தவர் ஏட்டில் கண்டுகொண்டான்.

நம்மவரிடம் கட்டடமும் இல்லை, ஏடும் இல்லை. அதனால் என்ன நேர்ந்தது? 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறியவர்களில் தாய் ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கம் ஆன குடும்பங்களைப் பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆசான் ஒரு பக்கம் மாணாக்கன் ஒரு பக்கம் ஆனதை எழுதியவர் அரிது. ஏட்டில் இல்லாத கலையில் ஆசான் போனால் பாடப்புத்தகமே போன மாதிரி. பாதி கற்ற பிள்ளை பாதியோடு நின்றான். நீலகிரியின் தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவரோ மூன்றாம் முறையாக ஒரு முற்றம் தேட வேண்டியவரானார்.

இடையில் சினிமா வந்தது. கண்டிப் பகுதியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர். திரையில் கம்பெடுத்தபோது தோட்டத்து இளைஞர்கள் தங்கள் முற்றத்துக் கலையையே வெள்ளித்திரையில் கண்டு மகிழ்ந்தார்கள். 1973இல் மறைந்த புரூஸ் லீயின் படங்கள் அதன் பின்னர் வந்தன. கராத்தே வகுப்புகள் நகரங்களில் தோன்றின. அவற்றில் பட்டி உண்டு, சான்றிதழ் உண்டு. சிலம்ப வாத்தியாரிடம் கொடுப்பதற்கு ஆசீர்வாதம் மட்டுமே இருந்தது. பிள்ளைகள் எதன் பின்னால் போவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் கதை முடிந்துவிடவில்லை. என்னிடம் தமிழ் கற்ற டயகமப் பக்கத்து மாணவர் ஒருவர் வேலை தேடிக் கத்தாருக்குச் சென்றார். வெள்ளிக்கிழமை விடுமுறையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் சிலர் ஒரு வெளியில் கம்பு சுற்றுவதைக் கண்டு, தாமும் சேர்ந்துகொண்டதாக எழுதியிருந்தார். ‘ஐயா, எங்கள் தாத்தா காட்டிய சலாம் வரிசையை இங்கே செய்தேன். இது எந்த வாத்தியார் முறை என்று கேட்கிறார்கள். எனக்குப் பெயர் தெரியவில்லை’ என்பது அக்கடிதத்தின் கடைசி வரிகள். தோட்டத்துக்கு வந்த முதல் தலைமுறையிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி! அன்று விடை சொல்ல ஆள் இருந்தது.

தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு விழாவில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பெண்பிள்ளைகளும் இன்று கம்பு பிடிக்கிறார்கள். மகிழ்ச்சியான செய்திகளே. ஆனால் நம் மேடைகளில் இக்கலையைப் பற்றிப் பேச எழுந்தால் போதிதருமரில் தொடங்கி சீனத்துச் சாவோலினில் முடிக்கிறோம். அவர் அங்கே சண்டைக்கலை கற்பித்தார் என்பது பிற்காலத்தில் பரவிய கதை என்பதே ஆய்வாளர் முடிவு. பல நூறு ஆண்டுகளுக்கு முன் போனவரின் பெயரில் பெருமை தேடும் நாம், மூன்று தலைமுறைக்கு முன் நம் லயத்து முற்றத்தில் நின்ற வாத்தியாரின் பெயரை அறியோம்.

2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வருகையை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். பாதையை நினைவுகூர்ந்தது போல, பாதையில் வந்த கலையையும் நினைவுகூர வேண்டாமா? தோட்டத்துப் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்திராவிடில் அவற்றில் எத்தனை இன்று நமக்கு மிஞ்சியிருக்கும்? கம்புக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அவர் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பேனையும், முதியவர் ஒருவரின் அருகே அமர ஒரு மாலைப்பொழுதும் போதும். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, வாத்தியார் பெயர், அவருக்குக் கற்பித்தவர் பெயர், எத்தனை வரிசை, எந்தத் திருவிழா. இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் பழைய பேரேடுகளில் கொழுந்தின் எடை இறாத்தல் கணக்கில் பதிவாகியிருக்கிறது. அதைப் பறித்தவரின் கணவரோ தகப்பனோ இரவில் யாருக்கு ஆசானாக இருந்தார் என்பதற்கு அவற்றில் இடமில்லை. அந்த வரியை எழுத வேண்டியவர்கள் நாமே.